உகெமிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மடற்குழு அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஞாயிறு காலை நடக்கிற எங்கள் ஐகிடோ (ஜப்பானியத் தற்காப்புக் கலை) வகுப்புச் சுவரில் ஒட்ட ஒரு சொற்பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையும் அதன் அம்மாவும் ஒரே பாயில் நிற்கிற வகுப்பு. (பாய் என்றதும் முதல் நாளே ஒரு பொடியன், "பத்தமடைப் பாயா மாமா?" என்றான். வெறும் நுரைப்பாய்தான்.) மற்ற சொற்கள் வழிக்கு வந்துவிட்டன. உகெமி, அதாவது ஒருவர் வீசும்போது அடிபடாமல் விழுந்து உருளும் முறை, அது மட்டும் மல்லுக்கு நிற்கிறது.

முந்தின மடலில் ஒருவர் சொன்ன 'வீழ்கலை' வேண்டாம். காசு கட்டி விழப் படிக்கணுமா என்று பெற்றோர் கேட்பார்கள். 'குட்டிக்கரணம்' வாய்க்கு இதம்தான், ஆனால் பொருள் தப்பு. குறுக்குத்துறை ஆற்றுமணலில் நான் அடித்த கரணமெல்லாம் தலையை ஊன்றி, கழுத்து வழியாக நடுமுதுகில் உருண்டவை. முன்பக்க உகெமியில் தலை தரையைத் தொடவே கூடாது. தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கும், கண் இடுப்புப்பட்டை முடிச்சில் இருக்கும். வலக்கைச் சுண்டுவிரல் ஓரம் முதலில் பாயில் படும். பிறகு முன்கை, தோள், அங்கிருந்து முதுகில் குறுக்காக ஓடி இடது இடுப்பில் இறங்கும். இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் பிள்ளைகள் கழுத்தைத்தான் ஊன்றும். போதாக்குறைக்கு, கரணம் என்று நான் வாயெடுத்ததுமே ஒரு அம்மா "தப்பினா மரணம்" என்று முடித்துவைத்தார்.

'தாங்கல்' அழகு. ஆனால் நம்ம பக்கம் அது நிழல்தாங்கல், இல்லாவிட்டால் மனத்தாங்கல்.

ஜப்பானியச் சொல்லில் விழுவது எங்கேயும் இல்லை. 'உகெ' என்றால் வாங்குதல், 'மி' என்றால் உடம்பு. வீசுகிறவரின் விசையை உடம்பில் வாங்கிக்கொள்வது. வாங்குகிற ஆளுக்கும் உகெ என்றே பெயர். மொரிஹெய் உஎஷிபா (1883–1969) உருவாக்கிய இந்தக் கலையில் பெரும்பாலான பள்ளிகளில் போட்டியே கிடையாது. இப்போது வீசியவர் அடுத்த முறை விழுவார். விழுந்தவர் தோற்றவர் இல்லை. அதனால் என் ஓட்டு 'ஏற்பு'க்கு. உகெ, ஏற்பவர். முன்னால் உருண்டால் உருளேற்பு, பின்னால் சாய்ந்தால் சாய்வேற்பு.

*

வே தம்பி, 'ஏற்பது இகழ்ச்சி' என்று படிக்கிற பிள்ளைகளைப் பார்த்து ஏற்பவரே வாரும் என்பீரோ? அதற்கு உகெமி என்றே விட்டுவிடலாம். பரோட்டாவைத் தமிழாக்கியா தின்கிறோம்?

*

அண்ணாச்சி, வரவேற்பிலும் பதவியேற்பிலும் பிச்சை வாடை அடிக்கவில்லையே? ஆனாலும் 'ஏற்பவர்' தனியாக நின்றால் இடிக்கத்தான் செய்கிறது. முன்னால் விசையைச் சேர்த்து 'விசையேற்பு', 'விசையேற்பவர்' என்று வைக்கலாமா? உடம்பு விட்டுப்போகிறது, தெரியும். 'உடலேற்பு' என்றால் போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பது போல இருக்கிறது.

இந்த ஞாயிறு சொல்லிப் பார்த்தேன். 'ஏற்பு' பேச்சில் 'ஏப்பு' ஆனது. கடைசி வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கி, "மாமா, ஏப்பமா?" என்றாள். பிறகு வகுப்பே ஏப்பம் விட்டுக்கொண்டு உருண்டது. அன்றைக்குப் பார்த்து ஒரு தலைகூடப் பாயில் படவில்லை.

பட்டியலில் விசையேற்பு என்று எழுதியிருக்கிறேன், பென்சிலில்.