நம்பர் பிளேற்றால் உங்களுக்கு மறக்க முடியாத சம்பவம் ஏதும் உண்டா?

கோண்டாவில் வாசி:
போன மாதம் சுன்னாகப் பக்கம் ஒரு கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனர் காரை வாங்கினேன். 1 ஸ்ரீ இலக்கம். பின் தகட்டில் பெயின்ற் பொருக்கு விட்டிருந்தது. தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். நடுவில் இருந்த சிங்கள ஸ்ரீ கழன்றது. அதற்குக் கீழே தார். தாரின் மேல் வெள்ளைப் பெயின்றில், கையால் எழுதிய தமிழ் ஸ்ரீ, சற்றுச் சரிவாக. பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "தம்பி, துணியை எடும்" என்றார். அதற்குள் பாதி எழுத்து துணியில் வந்துவிட்டது. சிங்கள ஸ்ரீக்கு எதிராகப் போராட்டம் நடந்த 1958இல் அவருக்குப் பன்னிரண்டு வயதாம். தமையனுக்குப் பின்னால் தார் வாளி தூக்கிக்கொண்டு போனவராம். வேறொன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். அந்தத் துணியை நான் இன்னும் எறியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பழைய ஏ40:
58 என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். சிங்கள ஸ்ரீ தகட்டில் ஏறியது 1957 ஜனவரியில். எதிர்ப்பும் அப்போதே தொடங்கிவிட்டது; அதன் மேல் தார் பூசித் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவுக்கும் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்துக்கும் ஒப்பந்தம் வந்து கொஞ்சம் அடங்கியது. 1958 ஜனவரியில்தான் பஸ்கள் அரச உடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. மார்ச்சில் அந்தச் சபையின் புது பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்கே வந்தபோது திரும்பவும் தார் வாளி தூக்கினார்கள். பதிலுக்குத் தெற்கில் சிங்களவர்கள் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம்.

என் கதை சின்னது. பெரியப்பாவின் ஒஸ்ரின் கார் ஸ்ரீக்கு முந்தியது, ஈ.எல் இலக்கம். அந்தக் காலத்தில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்துகளைச் சோடி சோடியாக எடுத்துப் போட்டார்கள்: சி.ஈ, சி.வை, ஈ.எல், ஈ.என் என்று. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டுவார். புகை அப்பிப் பின் தகடு முழுக்கக் கறுத்துக் கிடக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த இரண்டு எழுத்தை மட்டும் துடைப்பார்.

பிறகு ஸ்ரீயும் போய் நடுவில் வெறும் கோடு வந்தது. தகட்டுப் பிரச்சினை அதோடு முடிந்தது.

மானிப்பாய் மகள்:
அதோடு முடியவில்லை, அண்ணா. 2000இல் வந்த புதுத் தகட்டில் மாகாண எழுத்து இருந்ததே. வடக்குக்கு என்.பி, மேற்குக்கு டபிள்யூ.பி.

2010, யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி திறந்த பிறகு அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு வானில் போனோம். இரவு ஒரு சோதனைச்சாவடி. ரோச் வெளிச்சம் எங்கள் முகத்தில் விழவில்லை. குனிந்து தகட்டில்தான் அடித்தார்கள். எங்களுக்கு முன்னால் போன டபிள்யூ.பி கார்கள் வேகத்தைக் குறைத்து, அப்படியே போய்விட்டன. எங்களை ஓரங்கட்டச் சொன்னார்கள். அம்மா ஆஸ்பத்திரிக் கடிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டே இருந்தா. ஒருவரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "என்னத்தைப் பாக்கினம், பிள்ளை?" என்று கேட்டா. அந்த இரண்டு எழுத்தை என்று நான் சொல்லவில்லை.

வாகனப் புத்தகம்:
தங்கச்சி, இப்போது அந்தச் சிக்கல் இல்லை. 2023 முதல் வேறு மாகாணத்தவருக்கு விற்றாலும் தகடு மாற்றத் தேவையில்லை. புதுத் தகடுகளில் மாகாண எழுத்தே கிடையாது.

கோண்டாவில் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். பழைய கார் வாங்கினால் முதலில் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வண்டியில் தடவிப் பாருங்கள். துருவுக்குள் ஒரு எண் தெளிவில்லாவிட்டாலும் விடாதீர்கள். ஓப்பின் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் விற்றவர் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு, வாங்கி வைத்திருக்காதீர்கள். பெயர் மாற்றும் படிவத்தில் விற்றவரின் கையெழுத்தை அவர் இருக்கும்போதே வாங்கி, உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அவர் வெளிநாடு போனாலோ கண்ணை மூடினாலோ அலைச்சல்தான். தகடு தொலைந்தால் அன்றே பொலிஸ் முறைப்பாடு போடுங்கள். அந்த இலக்கத்தில் வேறு யாராவது ஓடினால் விசாரணை உங்கள் வீட்டுக்கு வரும். எனக்கு ஒரு மோட்டார் சைக்கிளில் இது நடந்தது, ஒரு வருடம் அலைந்தேன்.

கொக்குவில் ஓட்டோ:
2022. இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்துப் பெற்றோல் கொடுத்த நாட்கள். என்னுடையது 7இல் முடியும், அன்று என் நாள் இல்லை. அப்பாவை டயலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். பெற்றோல் செட்டில் நின்றவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வரிசையில் நின்று பெற்றோல் அடித்துவிட்டு வெளியே வந்த ஒருவர் மோட்டார் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்தினார். குழாயை விட்டு வாயால் உறிஞ்சி, ஒரு சோடாப் போத்தல் நிறையத் தந்தார். காசு வாங்கவில்லை. பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அவருடைய இலக்கம் 4இல் முடிந்தது. இப்போதும் றோட்டில் முன்னால் போகும் மோட்டார் சைக்கிள்களின் கடைசி எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் ஓடுகிறேன்.