பிளஸ் டூ பிள்ளைக்கு ஆராய்ச்சிக் கட்டுரை இருந்தால் மெடிக்கல் சீட்டுக்கு உதவுமா?

வடுவூர் விவசாயி:
வணக்கம். மகள் பிளஸ் டூ பயாலஜி குரூப், மன்னார்குடியில் நீட் கோச்சிங்கும் போகிறாள். பிசிக்ஸ்தான் கொஞ்சம் இழுக்கிறது. போன வாரம் ஒரு ஆன்லைன் கம்பெனியில் இருந்து போன். எட்டு வாரத்தில் உங்கள் பெண் பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம், மெடிக்கல் காலேஜில் இப்போது அதைத்தான் பார்க்கிறார்கள், 40,000 ரூபாய் ஆகும் என்றார்கள். குறுவை அறுத்த காசு கையில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ! மகளுக்கும் ஆசை இருக்கிறது, ஒன்பதாவதில் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக வயல் எலி, எலிக்காய்ச்சல் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவள். அமெரிக்காவில் இருக்கும் மச்சினர் மகன் வேறு, ஆராய்ச்சி இல்லாமல் டாக்டர் சீட்டே கிடையாது என்கிறார். கட்டலாமா?

தஞ்சை ஹவுஸ் சர்ஜன்:
ஐயா, கட்டாதீர்கள், மற்றதை அப்புறம் பேசுவோம். இங்கே எம்.பி.பி.எஸ். சேர நீட் மார்க்தான், 720க்கு எவ்வளவு என்பதுதான். அதன் மேல் இட ஒதுக்கீடு, ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. எய்ம்ஸ், ஜிப்மர்கூட 2020இல் இருந்து அதே நீட்தான். கட்டுரைக்கு அரை மார்க்கூட கிடையாது.

ஆராய்ச்சிக்கான காலம் சேர்ந்த பிறகு வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் (ஐ.சி.எம்.ஆர்.) எஸ்.டி.எஸ். என்று மாணவர்களுக்கான ஒரு குறுகிய கால ஆய்வுத் திட்டம் 1979இல் இருந்து நடக்கிறது, எம்.பி.பி.எஸ். படிப்பவர் ஒரு பேராசிரியரை வழிகாட்டியாக வைத்து 2 மாதம் ஆய்வு செய்து அறிக்கை அனுப்பினால், ஏற்றுக்கொண்ட பின் உதவித்தொகையும் சான்றிதழும் வரும். கவனியுங்கள், அங்கே அவர்கள் நமக்குக் காசு தருகிறார்கள். நான் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணை எடுத்துக்கொண்டேன். ஆய்வைவிட நெறிமுறைக் குழு அனுமதிக்கு அலைந்ததுதான் அதிகம், ஆனால் ஓ.பி.யில் ஒரு நோயாளியிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று அதில்தான் கற்றேன்.

குடந்தை டு ஒஹாயோ:
மச்சினர் மகன் சொல்வது அந்த ஊருக்குப் பாதி சரி. அங்கே பிளஸ் டூ முடித்து நேராக மெடிக்கல் போவது அபூர்வம். பெரும்பாலும் 4 வருஷம் டிகிரி, எம்கேட் என்கிற நுழைவுத் தேர்வு, அதன் பிறகுதான் விண்ணப்பம். அதில் செய்த வேலைகளை எழுத 15 இடம் இருக்கும், முக்கியமானவை என்று 3ஐ மட்டும் விரித்து எழுதலாம். ஆராய்ச்சி கட்டாயம் என்று பெரும்பாலான கல்லூரிகள் விதி வைக்கவில்லை. ஆனால் போட்டியிடுபவர்களில் நிறையப் பேர் ஏதாவது ஒரு லேபில் இருந்திருப்பதால் இல்லாதவர் கொஞ்சம் பின்தங்குவார். மருத்துவமனையில் நோயாளிகளோடு பழகிய அனுபவத்தையும் அதே அளவு பார்ப்பார்கள். எம்.டி.யோடு பிஎச்.டி.யும் சேர்த்துப் படிக்கிற பிரிவுக்குத்தான் ஆராய்ச்சி உயிர்நாடி, அதைப் பற்றி விண்ணப்பத்திலேயே தனியாக எழுத வேண்டும்.

என் அக்கா மகள் இரண்டு வருஷம் லேபில் பிப்பெட் பிடித்தாள், பேப்பர் ஒன்றும் வரவில்லை. நேர்முகத்தில் அரை மணி நேரம் அதைத்தான் கேட்டார்கள், எது சொதப்பியது, ஏன், அப்புறம் என்ன செய்தாய் என்று. காசு கொடுத்து வாங்கிய கட்டுரை அந்த இடத்தில் இரண்டாவது கேள்விக்கே பல்லிளிக்கும். இன்னொன்று, வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் கல்லூரிகள் அங்கே குறைவு, செலவும் நம் கணக்குக்குள் வராது.

ரிட்டயர்டு பயாலஜி வாத்தியார்:
சீட்டுக்கு உதவாது என்பதற்காக அந்தப் பிள்ளையிடம் ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் சார். கும்பகோணம் பக்கம் யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க முன்பெல்லாம் ராத்திரியில்தான் வருவார்கள். பகலில் வந்தால் என்ன சார் என்று ஒரு பையன் வகுப்பில் கேட்டான். அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும், அதைப் பரப்பும் கொசுவும் ராத்திரியில்தான் கடிக்கும் என்றேன். அப்படியானால் புழுவுக்கு மணி எப்படித் தெரிகிறது என்றான்! எனக்குப் பதில் வரவில்லை. உங்கள் மகள் எலிக்காய்ச்சலுக்கு வீடு வீடாகப் போனதும் இந்த ரகம்தான். அந்த நோட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். செய்யாத ஆய்வுக்குப் பெயர் போட்டுக்கொள்வது மட்டும் வேண்டாம், அது பிட் அடிப்பதுதான்.

வடுவூர் விவசாயி:
எல்லோருக்கும் நன்றி. இன்று மறுபடி போன் வந்தது, 25,000க்கு இறங்கிவிட்டார்கள். மகளே போனை வாங்கி, என் கட்டுரைக்குத் தலைப்பு என்ன என்று கேட்டாள். அதையும் நாங்களே எழுதிக்கொள்வோம் என்றார்கள். வைத்துவிட்டாள். நோட்டு பரணில் இருந்தது, ஓரத்தைக் கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. டாக்டர் தம்பி, அந்த எஸ்.டி.எஸ்.க்கு எலிக்காய்ச்சலை எடுக்கலாமா என்று கேட்கச் சொன்னாள்.

தஞ்சை ஹவுஸ் சர்ஜன்:
தாராளமாக எடுக்கலாம் ஐயா, டெல்டாவில் அதற்கு நோயாளிக்கா பஞ்சம். இப்போதைக்கு அந்த பிசிக்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள், 180 மார்க் அதில் இருக்கிறது.