டேப்லெட் ஸ்கெட்ச்சில் உள்ள வேகம் கேன்வாஸில் ஏன் காணாமல் போகிறது?

வெயில்கோடு:

வணக்கம். நிலக்காட்சியும் உருவங்களும் வரைகிறேன். முதல் ஸ்கெட்ச் 11 அங்குல ஐபேடில், புரோக்ரியேட் என்ற வரைகலைச் செயலியில். அதை 16×20 அங்குலக் கேன்வாஸில் அக்ரிலிக்கில் பெரிதாக்குகிறேன். ஸ்கெட்ச்சில் கோடுகள் துள்ளுகின்றன, வண்ணம் பளிச்சென்று இருக்கிறது. கேன்வாஸில் அதே படம் விறைத்துப்போய், கோட்டுக்குள் வண்ணம் அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இப்போது செய்யும் முறை இதுதான்: புரொஜெக்டரில் ஸ்கெட்ச்சைப் போட்டு எல்லைக்கோடுகளை பென்சிலில் எடுப்பது, பெரிய பகுதிகளை முதலில் நிரப்புவது, பிறகு ஐபேடைப் பக்கத்தில் வைத்து வண்ணத்தைப் பார்த்துப் பார்த்துக் கலப்பது. நிழல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிவிடுகின்றன. ஊதாவும் பச்சையும் திரையில் உள்ளபடி வருவதே இல்லை.

ஸ்கெட்ச் முறையை மாற்ற வேண்டுமா, தீட்டும் முறையை மாற்ற வேண்டுமா?

---

கரித்துண்டு:

இரண்டையும். ஆனால் முதலில் ஸ்கெட்ச்சை. கேன்வாஸில் செய்ய முடியாத காரியங்களை டேப்லெட்டில் செய்துவிட்டு அதையே கேன்வாஸிடம் கேட்கிறீர்கள்.

அளவிலிருந்து தொடங்குங்கள். கோப்பை 3200×4000 பிக்சலில் திறந்தால் 16×20 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் = 200 பிக்சல். கையில் இருக்கும் தட்டைத் தூரிகை ஓர் அங்குலம் என்றால் டிஜிட்டல் தூரிகையும் 200 பிக்சல். இரண்டு அங்குலம் என்றால் 400. ஸ்கெட்ச்சின் முக்கால் பங்கை 200-க்குக் கீழே இறங்காமல் முடியுங்கள், கடைசியில் மட்டும் 50 வரை போகலாம். 6 பிக்சல் கோட்டால் போட்ட கண்ணிமையை எந்தத் தூரிகையாலும் ஒரே இழுப்பில் கொண்டுவர முடியாது. அதைத்தான் பிறகு சின்னத் தூரிகையால் சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது ஜூம். முழுப்படமும் திரைக்குள் தெரியும் நிலையிலேயே வரையுங்கள். 11 அங்குல ஐபேடில் 4:5 படம் ஏறக்குறைய 6.3 அங்குல அகலத்தில் தெரியும், அதாவது கேன்வாஸ் அதைப்போல இரண்டரை மடங்கு. திரையில் மணிக்கட்டு 2 அங்குலம் சுழன்று போட்ட வளைவு கேன்வாஸில் 5 அங்குலம். அந்த நீளத்துக்கு மணிக்கட்டு எட்டாது, முழங்கையும் தோளும் அசைய வேண்டும். உட்கார்ந்து, தூரிகையைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்தால் அந்த வளைவு நான்கு துண்டாக உடையும். விறைப்பில் பாதி இதுதான். நின்றுகொண்டு, கேன்வாஸை மார்பு உயரத்தில் வைத்து, நீளப்பிடித் தூரிகையின் பின்முனையைப் பிடியுங்கள்.

தூரிகை அமைப்பில், கோட்டைத் தானாகச் சீராக்கும் ஸ்ட்ரீம்லைனைப் பூஜ்யமாக்குங்கள். அது நடுக்கத்தை மழித்து, உங்களுடையதல்லாத ஒரு வழவழப்பான கோட்டைத் தருகிறது. ஒப்பாசிட்டி (ஒளிபுகாமை) அழுத்தத்தோடு மாறாமல் 100-இல் நிற்கட்டும், அழுத்தம் அகலத்தை மட்டும் மாற்றட்டும். லேயர் (அடுக்கு) ஒன்றே ஒன்று.

அண்டூ பற்றிச் சொல்லாமல் முடியாது. புரோக்ரியேட் 250 படிகள் வரை பின்னால் போகும், ஆனால் படத்தை மூடி கேலரிக்குப் போனால் அந்த வரலாறு அழிந்துவிடும். ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேலரிக்குப் போய்த் திரும்பி வாருங்கள். தவறிய பட்டையை அதன்மேல் இன்னொன்று போட்டுத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும், கேன்வாஸில் நடப்பதும் அதுதானே.

புரொஜெக்டர் வேண்டாம். வெளிக்கோட்டைத் துல்லியமாக எடுத்தால் கை அதற்குள்ளேயே அடங்கிக்கொள்ளும், கோட்டைத் தாண்டப் பயப்படும். புரொஜெக்டர் சற்றுச் சாய்ந்திருந்தாலே படம் மேலோ கீழோ விரிந்துவிடும் என்பது தனித் தொல்லை. அதற்குப் பதில் கேன்வாஸை 4 அங்குலச் சதுரங்களாகப் பிரித்தால் 4 பத்தி, 5 வரிசை. புரோக்ரியேட்டின் டிராயிங் கைடில் (படத்தின்மேல் கட்டக்கோடு காட்டும் வசதி) கட்டத்தை 800 பிக்சல் வைத்தால் அதே பிரிப்பு ஸ்கெட்ச்சிலும் வரும். கட்டங்களை வைத்து ஏழெட்டுப் புள்ளிகளை மட்டும் குறியுங்கள்: தலையின் உச்சி, தோள்பட்டை முனை, அடிவானம் விளிம்பைத் தொடும் இடங்கள், மிக இருண்ட வடிவத்தின் மூலைகள். மீதியைத் தூரிகையாலேயே தேடுங்கள்.

---

அல்ட்ராமரீன்29:

வண்ணத்துக்கு என் பங்கு. சுண்ணாம்பு நிழலுக்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்தில் எரியும் ஐபேட்தான்.

திரை தானே ஒளி விடுகிறது, வண்ணப்பூச்சு விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கண் திரையின் வெள்ளைக்குப் பழகியதும் கேன்வாஸில் உள்ள எல்லாமே மங்கலாகத் தெரியும். உடனே கை டைட்டானியம் வெள்ளையைத் தேடிப் போகும். அது மிக ஒளிபுகா நிறமி. எதில் சேர்த்தாலும் வெளிச்சம் கூடும்போதே செறிவு குறையும், நிறம் கொஞ்சம் குளிர்ந்த பக்கம் சாயும். நிழலில் ஒரு துளி விழுந்தாலே போதும், ஆழம் போய்விடும். நிழல் கலவையில் வெள்ளையே சேர்க்காதீர்கள். வெளிச்சம் கூட்ட வேண்டுமென்றால் அதைவிட வெளிறிய இன்னொரு நிறமியைச் சேருங்கள்: சிவப்புக்கு ஆரஞ்சு, பச்சைக்கு மஞ்சள்.

திரையின் வெளிச்சத்தைச் சரிசெய்ய எளிய சோதனை உண்டு. திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் அணைத்துவிட்டு வெள்ளைக் கோப்பு ஒன்றைத் திறங்கள். தீட்டும் விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தாளை அதன் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். எதிர்பார்த்ததைவிட நிறையவே குறைக்க வேண்டியிருக்கும்.

ஊதா, பச்சை விஷயம் வேறு. திரையில் வரும் மின்னும் பச்சையும் சயனும் சாதாரண நிறமிகளின் எல்லைக்கு வெளியே இருப்பவை, எந்தக் குழாயிலிருந்தும் வராது. ஊதாவுக்கு வழி உண்டு. அல்ட்ராமரீனையும் குவினாக்ரிடோன் மெஜந்தாவையும் கலந்தால் சுத்தமான ஊதா வரும், ஆனால் கலந்த நிலையில் ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும். ஊதாவாகக் காட்ட இங்கே கொஞ்சம் வெள்ளை தேவை. கேட்மியம் சிவப்போடு கலந்தால் பழுப்புதான் கிடைக்கும், காரணம் அந்தச் சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்தது.

இன்னொன்று, பெரும்பாலான செயலிகளில் நீலத்தையும் மஞ்சளையும் தேய்த்துக் கலந்தால் சாம்பல் வரும், ஏனென்றால் அவை எண்களைச் சராசரி எடுக்கின்றன. பூச்சில் பச்சை வரும். ஸ்மட்ஜ் (தேய்த்துக் கலக்கும் கருவி) செய்த இடமெல்லாம் கேன்வாஸில் வேறு நிறமாகும் என்று அர்த்தம். ரெபெல் செயலியின் புரோ பதிப்பில் நிறமிபோலவே கலக்கும் வசதி இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஸ்மட்ஜைத் தொடவே வேண்டாம், இடைநிறத்தைத் தனிப் பட்டையாக வையுங்கள்.

நிரந்தரத் தீர்வு என்றால், உங்கள் குழாய்களிலிருந்தே டிஜிட்டல் பேலட் செய்துகொள்வதுதான். ஆறு குழாய்: அல்ட்ராமரீன், தாலோ நீலம், ஹான்சா மஞ்சள், மஞ்சள் ஓக்கர், குவினாக்ரிடோன் மெஜந்தா, பைரோல் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: தனியாக, கொஞ்சம் வெள்ளையோடு, நிறைய வெள்ளையோடு, எதிர்நிறத்தோடு, சாம்பலோடு. மொத்தம் 30. புரோக்ரியேட் பேலட் ஒன்றில் இருப்பதும் 30 இடம்தான். அட்டையில் பூசி, நன்றாகக் காய்ந்தபின் நடுச் சாம்பல் அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். சாம்பல் சாம்பலாகத் தெரியும்படி வெள்ளைச் சமநிலையைத் திருத்திவிட்டு நிறங்களை எடுத்துச் சேமியுங்கள். ஸ்கெட்ச்சுக்கு இந்த 30 மட்டுமே. காய்ந்தபின் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அக்ரிலிக்கின் பிணைப்பான் ஈரத்தில் பால்போல் வெண்மை, காய்ந்தால் கண்ணாடி. ஆகவே ஈரத்தில் கலந்ததைவிடக் காய்ந்த நிறம் இருண்டுதான் இருக்கும், அடர்நிறங்களில் இன்னும் கூடுதலாக.

---

கத்திமுனை:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. பேலட்டில் எவ்வளவு வண்ணம் பிதுக்குகிறீர்கள்?

16×20 அங்குலம் என்பது ஏறக்குறைய 0.2 சதுர மீட்டர். அதில் 1 மி.மீ. கனத்துக்குப் பூச 200 மி.லி. வேண்டும், 60 மி.லி. குழாய் மூன்றுக்கும் மேல். கால் மி.மீ.க்கே 50 மி.லி. பட்டாணி அளவு பிதுக்கி வைத்துக்கொண்டு உணர்ச்சி பொங்கும் தூரிகைத்தடம் வேண்டும் என்றால் எப்படி? வண்ணம் போதாதபோது தூரிகை தேய்க்கும், தேய்த்தால் தடம் சமமாகிவிடும். எல்லா இடத்திலும் கனமாகப் போட வேண்டாம். நிழல் மெலிதாக இருக்கட்டும், வெளிச்சம் விழும் இடங்களில் கனம் ஏறட்டும். செலவு உறுத்தினால் ஹெவி பாடி (கெட்டியான) வண்ணத்தோடு அதே அளவு ஹெவி ஜெல் (நிறமில்லாத கெட்டி அக்ரிலிக் கூழ்) சேருங்கள்; தடம் நிற்கும், நிறம் கொஞ்சம் ஒளி ஊடுருவும். தண்ணீர் ஊற்றி நீட்டினால் தடம் படுத்துவிடும்.

ஒரு பட்டை, ஒருமுறை, பிறகு தூரிகையைத் துணியில் துடைத்து மீண்டும் வண்ணம் எடுப்பது. அதே பட்டையின்மேல் மூன்றாவது தடவை போகாதீர்கள்.

---

வெயில்கோடு:

மிக்க நன்றி. அளவுக் கணக்கு கண்ணைத் திறந்தது, வண்ணம் பிதுக்குவதில் கஞ்சத்தனம் இருப்பது உண்மைதான். இரண்டு சந்தேகம். அண்டூ இல்லை என்றால், கேன்வாஸில் தவறிய கனமான பட்டையை என்ன செய்வது? பாதியில் படத்தை போட்டோ எடுத்து, ஐபேடில் அடுத்த படியைச் சோதித்துப் பார்க்கலாமா, அல்லது அதுவும் கையைக் கட்டிப்போடுமா?

---

கரித்துண்டு:

அக்ரிலிக்கில் முதல் ஓரிரு நிமிடம் உங்களுடையது: பேலட் கத்தியால் வழித்து, ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். தோல் கட்ட ஆரம்பித்துப் பிசுபிசுப்பாக இருக்கும் கட்டத்தில் தொடவே கூடாது, கீழ்ப்பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். முழுக்கக் காயவிட்டு மேலே பூசுங்கள். காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சேர்த்தால் நேரம் நீளும், ஆனால் லேபிளில் உள்ள உச்ச அளவைத் தாண்டினால் பூச்சு நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

எண்ணெய் வண்ணத்தில் இது இன்னும் எளிது. லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் பேராசிரியராக இருந்த ஹென்றி டாங்க்ஸ் பெயரில் ‘டாங்க்கிங்’ என்றே ஒரு முறை இருக்கிறது: ஈரமான கனப்பூச்சின்மேல் செய்தித்தாளை விரித்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி உரித்து எடுப்பது. உபரி வண்ணம் தாளோடு வந்துவிடும், அடியில் மங்கலான வடிவம் நிற்கும். அதன்மேல் மறுபடி தொடங்க அருமையான தளம். பல நேரம் அந்த மங்கல் முந்தையதைவிட நன்றாகவே இருக்கும். அக்ரிலிக் அடித்தளத்தின்மேல் எண்ணெய் போடலாம், எண்ணெயின்மேல் அக்ரிலிக் கூடாது. லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

போட்டோ எடுக்கலாம், ஒரு கட்டுப்பாட்டோடு. அதில் டோனையும் (இருள்-வெளிச்ச அளவு) பெரிய வடிவங்களையும் மட்டும் சோதியுங்கள். மேலே ஒரு லேயரைச் சாம்பலால் நிரப்பி பிளெண்ட் மோடை (அடுக்குகள் கலக்கும் முறை) ‘கலர்’ ஆக்கினால் கீழே உள்ளதெல்லாம் கறுப்பு வெள்ளையாகும். இருட்டு, நடு, வெளிச்சம் மூன்றும் மூன்று தெளிவான கூட்டமாகப் பிரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு 400 பிக்சல் தூரிகையால் மூன்று நான்கு மாற்றுகளைத் தனித்தனி லேயரில் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐபேடை அணைத்துவிட்டு, நினைவிலிருந்து கேன்வாஸில் போடுங்கள். திரையைப் பார்த்தபடி போட்டால் மறுபடி நகலெடுப்பில்தான் போய் நிற்கும்.

படமெடுக்கும்போது கேமரா கேன்வாஸுக்கு நேர் இணையாக இருக்கட்டும், இரு விளக்கும் இரு பக்கமும் 45 பாகையில். இல்லாவிட்டால் ஈரப்பூச்சின் பளபளப்பை வெளிச்சம் என்று நம்பி ஏமாறுவீர்கள்.

---

ஓரக்கோடு:

கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லா ஸ்கெட்ச்சும் ஓவியமாக வேண்டிய கட்டாயம் என்ன? ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 2011-இல் இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில் உள்ள வோல்ட்கேட்டின் வசந்தத்துக்கு 51 ஐபேட் படங்களும், 32 கேன்வாஸ்கள் சேர்ந்த ஓர் எண்ணெய் ஓவியமும் செய்தார். ஐபேட் படங்கள் பெரிய அச்சுகளாகத் தனித்தே நின்றன, ஓவியத்துக்கான முன்வரைவாக அல்ல. மெல்லிய கோட்டிலும் ஒளிரும் நிறத்திலும் உயிர் இருக்கிற ஸ்கெட்ச்சை அப்படியே விட்டுவிடுங்கள், அது முடிந்த படம். நிறத்தை எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினாலும் வடிவங்கள் பிடிபடுகிற ஸ்கெட்ச்சை மட்டும் கேன்வாஸுக்குக் கொண்டுபோங்கள்.

---

அல்ட்ராமரீன்29:

அதில் ஒரு திருத்தம் மட்டும். கறுப்பு வெள்ளையில் நிற்காத சில படங்கள் வெப்பம் குளிர்ச்சி வேறுபாட்டாலேயே நிற்கும், டோன் எல்லாம் ஒன்றாக இருந்தாலும். மூட்டமான நாளின் நிலக்காட்சி அப்படிப்பட்டது. அவற்றை அந்தச் சோதனையில் தோற்கடித்துவிடாதீர்கள். முதலில் 30 நிறப் பேலட்டில் மறுபடி போட்டுப் பாருங்கள், அதில் நின்றால் கேன்வாஸிலும் நிற்கும்.