டீப் பர்ப்பிள் ராக் குழுவை மேடையில் பார்த்தவர்கள் எழுதுங்கள்: உங்களுக்குக் கிடைத்தது எந்த ஐவர்?

கீபோர்டு பிரியன்:

2001 ஏப்ரல், பெங்களூரு அரண்மனை மைதானம். பாட்டில் இயன் கில்லன், பேஸ் கிடாரில் ரோஜர் குளோவர், கீபோர்டில் ஜான் லார்டு, டிரம்ஸில் இயன் பெய்ஸ், கிடாரில் ஸ்டீவ் மோர்ஸ். எனக்குக் கிடைத்த ஐவர் இவர்கள். கிளம்பும் முன்பே நண்பர்கள் கேட்டார்கள்: "பழைய கிடார் கலைஞர் ரிட்சி பிளாக்மோர் இல்லாத டீப் பர்ப்பிளைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?" இன்றும் இதே கேள்வி எங்கும் என் காதில் விழுகிறது. எனக்கு அன்றிரவே விடை கிடைத்துவிட்டது.

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1968இல் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்த குழு இது. ஆட்கள் மாறும்போதெல்லாம் மார்க் 1, மார்க் 2 என்று ரசிகர்கள் எண் போட்டு அழைப்பது வழக்கம். மார்க் 1இல் ராட் எவன்ஸ் பாடினார், நிக் சிம்பர் பேஸ் வாசித்தார். 1969இல் அவர்கள் இடத்துக்குக் கில்லனும் குளோவரும் வந்தார்கள். உலகம் நினைவில் வைத்திருப்பது இந்த மார்க் 2ஐத்தான். 1973இல் அந்த இருவரும் போக, டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் வந்தார்கள். 1975இல் பிளாக்மோரும் போனார், டாமி போலின் வந்தார். அடுத்த ஆண்டே குழு கலைந்தது. 1984இல் மார்க் 2 மறுபடி கூடியது. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. கில்லன் ஒருமுறை வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்தார், 1993 நவம்பரில் ஹெல்சின்கி நிகழ்ச்சியோடு பிளாக்மோர் நிரந்தரமாக விலகினார். இத்தனையிலும் இருக்கையை விட்டு எழாதவர் டிரம்ஸில் இருக்கும் பெய்ஸ் ஒருவரே.

பெங்களூருக்கு வருகிறேன். நான் மேடையின் இடவலம் பார்க்கவே இல்லை, லார்டின் கைகளை மட்டுமே பார்த்தேன். ஹம்மண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, கிடாருக்கு நிகரான கரகரப்பை அதில் கொண்டுவந்த மனிதர் அவர். எல்லோரும் கிடாரின் சொத்தாக நினைக்கும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' தொடக்கத்தில் பாதிப் பாரம் அந்த ஆர்கனுடையது. மோர்ஸ் அந்தப் பாடலுக்குள் நேரடியாக நுழையவில்லை. வேறு பல குழுக்களின் புகழ்பெற்ற கிடார் தொடக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டு துண்டாக வாசித்துக் கூட்டத்தைச் சீண்டிவிட்டு, கடைசியில்தான் அந்த நான்கு சுரங்களுக்கு வந்தார். அந்தக் கணத்தில் மைதானம் முழுவதும் பாடியது. பிளாக்மோரின் நகலாக இருக்க மோர்ஸ் ஒரு நொடிகூட முயலவில்லை. லார்டு ஒரு வரி வாசிப்பார், மோர்ஸ் அதைப் பிடித்து வளைத்துத் திருப்பித் தருவார், பெய்ஸ் இருவருக்கும் கீழே தாளத்தை மெல்ல நகர்த்துவார். மேடையில் ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டு விடைசொல்வதுதான் டீப் பர்ப்பிள் என்று அன்று எனக்குத் தெளிவானது. அது இருக்கும்வரை யார் நின்றாலும் அது டீப் பர்ப்பிள்தான்.

ஒலிநாடா:

நான் அவர்களை நேரில் பார்த்ததில்லை. என்னிடம் இருந்தது 'மேட் இன் ஜப்பான்' கேசட். 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு இரவும் தோக்கியோ புடோகானில் ஒரு இரவும் பதிவு செய்தது. மேடைப் பதிவு என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுவே. கில்லனின் குரலும் பிளாக்மோரின் கிடாரும் ஒன்றை ஒன்று துரத்தும் இடத்தைக் கேளுங்கள். குரல் ஏறினால் கிடார் ஏறும், கிடார் நெளிந்தால் குரல் நெளியும். நம் கச்சேரியில் வாய்ப்பாட்டுக்காரரும் வயலின்காரரும் ஸ்வரம் பரிமாறிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே புரிந்துவிடும். கடைசிப் பாடல் ஏறக்குறைய இருபது நிமிடம். ஸ்டூடியோப் பதிவில் அதே பாடல் ஐந்து நிமிடத்தைத் தொடாது.

அதனால் கீபோர்டு பிரியன் அண்ணாவிடம் முழுதாக ஒத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. அந்த அபாய உணர்வு, இப்போது என்ன செய்வாரோ என்ற பதற்றம், பிளாக்மோரிடம் மட்டுமே இருந்தது. 1974இல் கலிஃபோர்னியா ஜாம் மேடையில் கேமராவைக் கிடாரால் குத்தியவர் அவர். அவர் போனபின் குழுவின் வாசிப்பு சீரானது, தரமானது. எனக்கு அந்தச் சீரே கொஞ்சம் குறைதான்.

வடக்கு லண்டன்வாசி:

நான் சொல்லப்போவது 1999 செப்டம்பர், ராயல் ஆல்பர்ட் ஹால். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய என் மாமா அழைத்துப்போனார்.

பின்னணி தெரிந்தால்தான் அந்த இரவின் கனம் புரியும். ராக் குழுவும் முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்க லார்டு எழுதிய கான்செர்டோ என்ற நீண்ட இசைப்படைப்பை 1969இல் இதே அரங்கில் முதன்முதலாக நிகழ்த்தினார்கள்; மால்கம் ஆர்னால்டு ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். அதன்பின் அந்த இசைக்குறிப்புத் தாள்கள் தொலைந்துபோயின. மார்கோ டி கூய் என்ற டச்சு இசையமைப்பாளர் பழைய பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டும் படச்சுருளைப் பார்த்தும் ஒவ்வொரு கருவியின் பகுதியையும் மறுபடி எழுதினார். லார்டும் சேர்ந்து அதை முழுமையாக்கினார். முப்பது ஆண்டுக்குப் பிறகு அதைத்தான் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு கேட்டோம்.

1969இல் பிளாக்மோர் வாசித்த இடத்தில் மோர்ஸ் நின்றார். ஒலிநாடா சொல்லும் பதற்றம் அங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் கிடார் அடங்கி ஆர்கெஸ்ட்ராவுக்கு வழிவிடும் இடங்களில் மோர்ஸிடம் இருந்த பணிவு, ஒரு தொலைந்த படைப்புக்கு அவசியமான பணிவு. என் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இடக்கை டிரம்மர்:

பெய்ஸைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே! அவர் இடக்கைக்காரர், டிரம்ஸ் வரிசையே அவருக்கு வலமிடம் மாறி அமைந்திருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அதைப் பார்ப்பதே பெரிய தைரியம். கனமான ராக் வாசிப்பவர்கள் பலரும் இடிப்பார்கள். இவரிடம் ஜாஸ் தாளத்தின் ஊசலாட்டம் (ஸ்விங்) இருக்கும். 'லேஸி' பாடலின் மேடைப் பதிவில் அவர் கைமணிக்கட்டைக் கவனியுங்கள், தாளம் ஓடாமல் மிதக்கும்.

2016இல் அவருக்கு லேசான பக்கவாதம் வந்து சில நிகழ்ச்சிகள் ரத்தாயின. அடுத்த சில வாரங்களிலேயே மீண்டும் மேடையில் அமர்ந்துவிட்டார்.

2024இல் அவர்களை லண்டனில் பார்த்தேன். பாட்டில் கில்லன், பேஸில் குளோவர், கீபோர்டில் லார்டின் இடத்துக்கு வந்த டான் ஏரி, கிடாரில் சைமன் மெக்பிரைட். மனைவியின் நோய் காரணமாக மோர்ஸ் 2022இல் விலகியபின் வந்தவர் மெக்பிரைட்; பெல்ஃபாஸ்ட் நகரத்தவர், மற்ற நால்வரைவிட ஏறத்தாழ முப்பது வயது இளையவர். வந்ததும் குழுவின் ஒலி மறுபடி கனத்துவிட்டது. ஒலிநாடா, நீங்கள் தேடும் அந்த முரட்டுத்தனம் இவரிடம் கொஞ்சம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கில்லனுக்கு அப்போது 79 வயது. உச்ச அலறல்கள் கொண்ட 'சைல்ட் இன் டைம்' பாடலை அவர் மேடையில் பாடுவதை எப்போதோ விட்டுவிட்டார். முடியாததை முடிந்ததுபோல் காட்டாத அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

கீபோர்டு பிரியன்:

எல்லோருக்கும் நன்றி. ஒலிநாடா, உங்கள் கருத்துக்கு ஒரு செய்தியை மட்டும் முன்வைக்கிறேன். 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' பாடலை 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டார்கள். பிளாக்மோருக்கு அது பிடிக்காது. அவர் இருந்தவரை மேடையிலும் அதற்கு இடமில்லை என்றே சொல்லலாம். அவர் விலகியதும், மீதி இசைப்பயணத்தைக் கிடார் கலைஞர் ஜோ சாட்ரியானி வந்து காப்பாற்றியபோதுதான் அந்தப் பாடல் மேடையேறியது. பிறகு மோர்ஸ் கையில் அது கூட்டம் கேட்டு வாங்கும் பாடலாகிவிட்டது. ஆள் மாறியதால் நமக்குக் கிடைத்த பாடல் அது.

மோர்ஸ் எழுதிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா இவர்களின் ரசிகை, சிடிக்களை விண்கலத்துக்கே எடுத்துச்சென்றவர். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறியது. அந்தத் துயரத்தில் மோர்ஸ் எழுதிய கிடார் இசை 'காண்டாக்ட் லாஸ்ட்' என்ற பெயரில் அவர்களின் 'பனானாஸ்' ஆல்பத்தின் கடைசியில் இருக்கிறது. வார்த்தை ஒன்றுகூட இல்லை. மோர்ஸ் காலத்தை ஒதுக்கும் எவரும் முதலில் அதைக் கேட்கட்டும்.

கானல்:

புதிதாகக் கேட்கத் தொடங்கியவள் நான். ஒவ்வொரு கூட்டணிக்கும் ஒரு மேடைப் பதிவு சொல்லுங்கள், போதும்.

ஒலிநாடா:

மார்க் 2க்கு 'மேட் இன் ஜப்பான்', மறுபேச்சில்லை. கவர்டேல், ஹியூஸ் இருவர் குரலும் மோதுவதைக் கேட்க 'மேட் இன் யூரோப்'. 1993இன் கடைசிப் பிளாக்மோர் பயணத்துக்கு 'கம் ஹெல் ஆர் ஹை வாட்டர்'. கசப்பு ஒலியிலேயே தெரியும். மோர்ஸ் காலத்துக்கு 1996இல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பதிவானது, கூடவே ஊதுகருவிக் குழுவும் உண்டு. இதைக் கேட்டபின் அண்ணா சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன்.

கில்லன் வெளியேற்றப்பட்டிருந்தபோது அவர் இடத்தில் ஜோ லின் டர்னர் பாடிய காலத்தை நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்த ஐவரைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை.