பைன் ஒயில் திரவம் கொழும்பில் சரி, யாழ்ப்பாணத்தில் திரிகிறது: ஏன்?

வத்தளை வாளி:
பைன் ஒயில் போட்ட நிலம் துடைக்கும் திரவம் சிறிய அளவில் செய்கிறோம். 1 கிலோவுக்குக் கணக்கு: பைன் ஒயில் 100 கிராம், ஆமணக்கெண்ணெய் 80, 90 வீத கொஸ்டிக் பொட்டாஷ் (எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் காரம்) 16, ஐசோபுரொப்பைல் அல்ககோல் 60, ஈடிடிஏ (தண்ணீரில் உள்ள கல்சியத்தைப் பிடித்து வைக்கும் பொருள்) 5, மிச்சம் தண்ணீர். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் விட்டால் உடனே வெளுத்துக் கலக்கிறது. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் திரிந்து மேலே மிதக்கிறது, ரைல்ஸ் பிசுபிசுக்கிறது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். ஈடிடிஏயைக் கூட்டினால் சரிவருமா?

இன்னும் இரண்டு விஷயம். புறக்கோட்டையில் வாங்கிய புதுப் பைன் ஒயில் பரலில் (பீப்பாயில்) செய்த சரக்கு போத்தலுக்குள்ளேயே கலங்குகிறது, பழைய பரலில் அப்படி இல்லை. இதே ஒயிலை அசிட் கழிவறைத் திரவத்திலும் வாசனைக்குப் போடலாமா?

சுண்ணாம்புக்கல்:
ஈடிடிஏ கூட்டிப் பயனில்லை, கணக்குப் போட்டால் தெரியும். கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியம் உப்புகள்) கல்சியம் காபனேற் கணக்கில் லீற்றருக்கு 400 மில்லிகிராம் என்று வையுங்கள். 5 லீற்றர் வாளியில் 2000 மில்லிகிராம். 1 கிராம் ஈடிடிஏ (நாற்சோடியம் உப்பு) பிடிப்பது ஏறத்தாழ 250 மில்லிகிராம்தான். நீங்கள் வாளிக்கு விடும் 50 மில்லியில் இருப்பதோ கால் கிராம். அது 60 மில்லிகிராமைப் பிடிக்கும், மிச்சம் முழுக்கச் சவர்க்காரத்தைப் பிடிக்கும். தேவையான ஈடிடிஏ வாளிக்கு 8 கிராம், அதாவது உங்கள் திரவத்தில் 16 வீதம். கட்டுப்படியாகாது.

ஆமணக்கெண்ணெய்ச் சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசினாகிவிடுகிறது. பைன் ஒயிலைத் தண்ணீரில் பிடித்து வைத்திருந்த சவர்க்காரம் போனதும் அது பிரிந்து மிதக்கிறது. ரைல்ஸில் ஒட்டுவது இந்த இரண்டும்தான். கொழும்புக்கு வரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணீர் மென்மையானது. அதில் மட்டும் சோதித்தால் இந்தக் குறை ஒருநாளும் கண்ணில் படாது.

வடக்குக்குப் போகும் சரக்கில் சவர்க்காரத்தை விட்டுவிடுங்கள். தொடக்கத்துக்கு: பைன் ஒயில் 100, லோரைல் அல்ககோல் எதொக்சிலேற் (7 மோல் வகை, கடின நீரில் திரியாத கழுவுபொருள்) 90, 70 வீத எஸ்எல்ஈஎஸ் (சோடியம் லோரைல் ஈதர் சல்பேற், நுரைக்கும் கழுவுபொருள்) களி 40, ஐசோபுரொப்பைல் அல்ககோல் 40, மிச்சம் தண்ணீர். எதொக்சிலேற்றை முதலில் பைன் ஒயிலில் கரையுங்கள். எஸ்எல்ஈஎஸ்ஸை வேறாக, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெதுவாகக் கரைத்து, பிறகு இரண்டையும் சேருங்கள். நடுவில் களியாக இறுகினால் பயப்படாதீர்கள். அல்ககோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட இளகும். இந்த வகைத் திரவம் சூட்டில் கலங்கும், பைன் ஒயில் அந்தக் கலங்கும் வெப்பநிலையை இன்னும் கீழே இறக்கும். ஒரு போத்தலை 50 பாகையில் ஒரு இரவு வைத்துப் பார்க்காமல் லொறியில் ஏற்ற வேண்டாம். கலங்கினால், கரைதலுக்கு உதவும் சோடியம் சைலீன் சல்பொனேற் 20 கிராம் அளவில் சேர்த்துப் பாருங்கள். பிஎச் நடுநிலைக்கு வருவதால் கிருமி வளராமல் தடுக்கும் பாதுகாப்பானும் தேவை.

தைலப்பரல்:
பரல் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது அல்ககோல் வீதத்தை. "பைன் ஒயில்" என்ற ஒரே பெயரில் 22, 32, 50, 65, 85 வீதம் என்று பல தரம் விற்கிறார்கள். அந்த எண் மொத்த டெர்பீன் அல்ககோலைக் குறிக்கும், முக்கியமாக ஆல்பா டெர்பினியோல். மிச்சம் டைபென்டீன், டெர்பினோலீன் போன்ற ஹைட்ரோகாபன்கள். அல்ககோல் தன் ஓஎச் முனையால் சவர்க்காரத்தோடு இணங்கி நிற்கும். ஹைட்ரோகாபனுக்கு அது இல்லை, அதனால் அதைக் கரைத்து வைக்கக் கூடுதல் சவர்க்காரம் வேண்டும். 85 வீதத்துக்கு எழுதிய அளவில் 32 வீதத்தைப் போட்டால் கலங்கத்தான் செய்யும்.

வாங்குமுன் ஹைட்ரோமீற்றரை (அடர்த்தி அளக்கும் கருவி) விட்டுப் பாருங்கள். கொழும்புச் சூட்டில், 30 பாகையளவில், அல்ககோல் கூடியது 0.92க்கு மேல் நிற்கும். 0.87 பக்கம் இறங்கினால் பெரும்பகுதி ஹைட்ரோகாபன். அதைவிடக் கீழே போனால் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம், எடுக்காதீர்கள். தொகுதிக்குத் தொகுதி பகுப்பாய்வுச் சான்றிதழ் கேட்பது உங்கள் உரிமை.

டெர்பினியோல் செறிந்த சரக்கு குளிரில் இறுகும், சுத்தமானது 35 பாகையளவில்தான் உருகும். பரலின் அடியில் பளிங்கு கண்டால் கெட்டுப்போனதென்று நினைக்காமல் வெந்நீரில் 45 பாகைக்குச் சூடாக்கி, முழுக்கக் கலக்கிவிட்டு எடுங்கள். மேலே உள்ளதை மட்டும் ஊற்றினால் ஒவ்வொரு தொகுதியும் வேறாக வரும்.

வத்தளை வாளி:
நன்றி அண்ணா. புதுப் பரல் 0.88 காட்டுகிறது. அசிட் திரவம்?

லைலக்:
போட வேண்டாம். டெர்பினியோல் மூன்றாம்நிலை அல்ககோல், அசிட்டில் எளிதாகச் சிதையும் வகை. ஹைட்ரோகுளோரிக் அசிட்டில் தண்ணீரை இழந்து டெர்பினோலீன், டைபென்டீன் ஆகும், கொஞ்சம் சினியோலாகவும் மாறும். சில கிழமையில் மணம் டெர்பென்டைன் பக்கம் சாயும். அசிட் திரவத்தில் வாசனைக்கு யூகலிப்ரோல் அல்லது டைபீனைல் ஒக்சைட் நின்று பிடிக்கும். காரத்தன்மையுள்ள சவர்க்காரக் கட்டியில் டெர்பினியோல் நன்றாக நிற்கும், அதற்குத்தான் அது ஏற்றது.

இன்னொன்று: டெர்பினியோலின் சொந்த மணம் லைலக் பூவினது, பைன் அல்ல. 85 வீத ஒயிலுக்கு மாறியபின் "பைன் வாசம் குறைந்துவிட்டது" என்று வாடிக்கையாளர் சொன்னால், 100 கிராம் ஒயிலுக்கு 5 கிராம் ஐசோபோர்னைல் அசிற்றேற் சேருங்கள். ஊசியிலை மணம் திரும்பி வரும்.

லேபலில் "எல்லாக் கிருமிகளையும் கொல்லும்" என்று அடிக்காதீர்கள். பைன் ஒயில் சல்மொனெல்லா போன்றவற்றில் வேலை செய்யும், ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸில் பலவீனம். வாளியில் நூறு மடங்கு கரைத்தபின் இன்னும் குறைவு. பூனை வளர்க்கும் வீட்டுக்கான எச்சரிக்கையையும் சேர்த்து அடியுங்கள். பைன் ஒயில் பூனைகளுக்கு நஞ்சு, ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும்.