கதவு மூலைப் பை

மகனுக்கு எட்டு வயசு. சண்டை முடிஞ்சு எத்தினையோ வருசத்தால பிறந்தவன். ஆனா இடி இடிச்சால் கட்டிலுக்குக் கீழ போய்க் குந்தியிடுவான். பள்ளிக்கூடத்தில உளவளத்துணையிட்டக் காட்டச் சொன்னவுடன இவர், "பிள்ளைக்கென்ன விசரே?" எண்டு பாய்ஞ்சார். பிள்ளையை உள்ள விட்டிட்டு நான் வெளிய இருக்கலாம் எண்டுதான் போனனான். அந்த உளவளத்துணை அக்கா முதல் கேட்டது, "வீட்டில ஆர் ஆர் இருக்கிறீங்கள்?" அடுத்தமுறை அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.

கட்டிலுக்குக் கீழ மகன் ஒரு பை வைச்சிருக்கிறான். டோர்ச், பிஸ்கட், தண்ணிப் போத்தல், தன்ர பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின்ர போட்டோகொப்பி. அது எப்பிடிக் கிடைச்சுதோ முருகனுக்குத்தான் வெளிச்சம்! விளையாட்டெண்டு விட்டிட்டன். அதை அக்காவுக்குச் சொல்ல அம்மா தலையைக் குனிஞ்சா. அவவின்ர பையும் எங்கட கதவு மூலையில கிடக்கு. காணி உறுதி, ஐடென்ரிகாட், ரெண்டு சீலை. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே வெளிக்கிட்டு ஓடேக்க கொண்டுபோன பை. தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறம், ஒருத்தரும் ஏனெண்டு கேட்டதில்லை.

மூண்டாந்தரம் அம்மா பையோட வந்து, மகனுக்கு முன்னால ஒவ்வொண்டா வெளிய எடுத்தா. நாவற்குழிப் பாலத்தடியில சனம் இறுகி நிண்டது, மழையில குடையை மல்லாத்தித் தண்ணி பிடிச்சுக் குடிச்சது. எனக்கே புதுக்கதை, அப்ப நான் அவவின்ர இடுப்பில இருந்தனானாம். மகன் கேட்டது ஒண்டுதான்: "பிறகு என்ன அம்மம்மா சாப்பிட்டனீங்கள்?"

மானிப்பாயில இருந்து ஒரு அப்பா

எங்களுக்கு உப்பிடி அமையேல்லை. நான் 2009 கடைசிச் சண்டையில முள்ளிவாய்க்கால் மட்டும் போய் வந்தவன். உளவளத்துணைக்குப் போன முதல் நாளே மகளுக்கு முன்னால எல்லாத்தையும் கேட்டிச்சினம். நான் வாயே திறக்கேல்லை, பிள்ளை அண்டிரவு படுக்கையில மூத்திரம் பெய்திட்டுது. பிறகு வேறொருத்தர் என்னோட தனிய நாலு தரம் கதைச்சுப்போட்டுத்தான் மகளைக் கூப்பிட்டவர். குடும்பத்தைக் கூப்பிடுறது சரி, ஆனா பெரியாக்களைத் தனியக் கேக்காமல் பிள்ளைக்கு முன்னால கிளறக்கூடாது. காயம் ஒராளில இல்லை, குடும்பத்திலயும் ஊரிலயும் கிடக்கெண்டு மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எத்தினையோ வருசமா எழுதுறார். அது எனக்கு விளங்கினது மகளின்ர படுக்கைச் சீலையைத் தோய்க்கேக்கதான்.

முதல் எழுதின அம்மா

ஓம் அண்ணா, அம்மாவோடயும் அக்கா முதல் தனியத்தான் கதைச்சவ. எழுத மறந்திட்டன். இவர் இன்னும் உள்ள வரேல்லை, ஆனா மோட்டச்சைக்கிளில ஏத்தி இறக்குறார். அம்மாவின்ர பை இப்பவும் கதவு மூலையிலதான். மகன் தன்ர பையில இருந்த பிஸ்கட்டைத் திண்டிட்டான்.