மறு: கிளேஸ், சீலன்ட், வேக்ஸ் – மூணுக்கும் தனித்தனி சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கமுங்க,

ரெண்டு நாளா மெயில் பக்கமே வரல, இன்னிக்கு தொறந்தா, கார் பெயின்ட் மேல பூசற கிளேஸ், சீலன்ட், வேக்ஸுக்கு தமிழ்ச்சொல் தேடற இந்த இழையில மட்டும் பதினேழு மடல் கெடக்கு. முழுசா படிச்சுட்டுதான் எழுதறேன். சுருக்கமா எழுதணும்னு நெனச்சுத்தான் ஒக்காந்தேன், பாப்போம்.

> மூன்றுமே வண்டியின் பளபளப்புக்காகப் பூசப்படுவதால் ‘மெருகு’ என்பதை அடியாகக் கொண்டு மெருகுப்பூச்சு, மெருகுக்காப்பு, மெருகுமெழுகு என வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இடிக்கறது இங்கதான். மெருகு பூசி வர்றது இல்லீங்க, தேச்சு வர்றது. பத்தர்கிட்ட பழைய சங்கிலிய குடுத்து மெருகு போட்டு வாங்கறோம், அவரு அழுக்கெடுத்து தேச்சு அந்த தங்கத்தையேதான் மின்ன வெக்கறாரு, மேல எதையும் தடவி அனுப்பறதில்ல. கார்ல அந்த வேலைய செய்யறது பாலிஷ். அதுல இருக்கற பொடி கிளியர் கோட்டையே, அதாவது கலர் பெயின்ட்டுக்கு மேல அடிச்சிருக்கற நெறமில்லாத பூச்சையே, துளித்துளியா சுரண்டி சமமாக்குது. கிளியர் கோட்டோட கனமே சுமாரா 40, 50 மைக்ரான்தான், தலைமுடியவிட சன்னம், அதனாலதான் அடிக்கடி பாலிஷ் போடாதேன்னு வெவரம் தெரிஞ்ச பெயின்டர் திட்டுவாரு. நாம பேசற மூணும் எதையும் எடுக்கறதில்ல, மேல சேக்கறது. அதனால மெருகுங்கற சொல்ல பாலிஷுக்கு விட்டுடுங்க.

சரி, இப்ப கிளேஸ். இதுல எனக்கு சொந்த வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. சில வருசத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்டுல ஒரு கருப்பு கார் வாங்கினேன், பேர் சொல்ல வேண்டாம், ஊர்லயே ஒரு கடைதான். நிறுத்தி வெச்சிருந்த அழகப் பாத்தா பானட்ல மொகம் பாத்து தலை சீவலாம். கொண்டாந்து நாலஞ்சு தடவ வாட்டர் சர்வீஸ் விட்டேன், அப்புறம் ஒருநாள் காலைல வெயில் சாய்வா விழறப்ப பாக்கறேன், பானட் முழுக்க சிலந்தி வல கட்டின மாதிரி வட்ட வட்டமா கீறல். யாரோ கிறுக்கிட்டாங்கன்னு பக்கத்து வீட்டு பசங்கள வேற சந்தேகப்பட்டேன். கார சுத்தம் பண்ணி மினுக்கற டீட்டெய்லிங் வேலை பாக்கற தெரிஞ்ச பையன் வந்து மொபைல் டார்ச்ச அடிச்சான், பின் கதவுல அப்ப வரைக்கும் பளிச்சுனு இருந்த ஒரு எடத்துல தண்ணி கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால துணில நனச்சு உள்ளங்கை அகலத்துக்கு தொடச்சான். தொடச்ச எடத்துல மட்டும் வல வந்துச்சு, சுத்தி பளபளன்னே இருக்கு. “அண்ணே, கிளேஸ் அடிச்சு வித்திருக்கான்”னான். கீறல் எல்லாம் பழசு, பனியன் வேஸ்ட்ட எடுத்து தூசியோட வறவறன்னு தொடச்சு தொடச்சு வந்தது.

அது நடக்கற விதம் எளிசுதான். கீறலோட விளிம்புல வெளிச்சம் பட்டு செதறுது, அதனால கண்ணுக்கு தெரியுது. கிளேஸ்ல இருக்கற எண்ணெயும் சன்னமான களிமண் மாதிரி பொடியும் அந்த பள்ளத்துல போய் ஒக்காந்துக்குது, வெளிச்சம் செதறாது, கீறல் காணாம போயிடுது. காஞ்ச கூழாங்கல்லு வெளுத்து கெடக்கும், தண்ணில நனச்சா கண்ணாடி மாதிரி ஆகுதில்ல, அதேதான். சில வாரத்துல கழுவற தண்ணியோட போயிடும், கீறல் வெச்ச எடத்துலயே இருக்கும்.

> கிளேஸுக்கு ‘பூசிமெழுகி’ என்று வைத்தால் என்ன? :)

சிரிச்சுட்டேன், ஏன்னா செய்யற வேலைக்கு இதவிட பொருத்தமா சொல் கெடையாது, நம்மாளுங்க ஒரு தப்ப மறைக்கறத பூசி மெழுகறான்னுதான சொல்றோம். ஆனா பக்கத்துலயே வேக்ஸுக்கு மெழுகுனு இருக்கு, ரெண்டும் மோதும். தமிழ்ல மெழுகுங்கறது பொருளோட பேராவும் இருக்கு, வாசல சாணி போட்டு மெழுகற வினையாவும் இருக்கு, அந்த வசதிய கிளேஸுக்கு தூக்கிக் குடுக்க எனக்கு மனசு வரல. இன்னொருத்தர் சொன்ன ‘பொய்மெருகு’ என் கடுப்புக்கு நல்லா இருக்கும், ஆனா எந்த கம்பெனிக்காரன் டப்பா மேல அத அச்சடிப்பான்?

நான் சொல்ற சொல்: நிரவி. வயல்ல மேடு பள்ளத்த நிரவறோம், தோண்டின குழிய மண்ணு தள்ளி நிரவறோம், இதுவும் பள்ளத்த ரொப்பி சமமாக்கறதுதான். கொஞ்சம் விளக்கமா வேணும்னா கீறல்நிரவி. காரைக்கால் பக்கம் நிரவின்னே ஒரு ஊர் இருக்கு, அந்த ஊர்க்காரங்க யாராவது குழுமத்துல இருந்தா மன்னிச்சுக்கங்க.

> சீலன்ட் = அடைப்பான்

இத மட்டும் வேண்டாமுங்க. மாடு வளத்த வீட்ல போய் அடைப்பான்னு சொல்லிப் பாருங்க, பதறிப் போயிடுவாங்க, ஆந்த்ராக்ஸ் நோய்க்கு அதான் பேரு. அதோட பாத்ரூம் ஒழுகறப்ப சந்துல வெக்கற சிலிக்கானுக்கும் சீலன்ட்னுதான் பேரு, அதுக்கு அடைப்பான் சரின்னு வெச்சாலும் கார் சீலன்ட் எதையும் அடைக்கறதில்ல. அது செயற்கை பாலிமர், பெயின்ட் மேல படலமா புடிச்சுக்கிட்டு மழை, வெயில், பறவை எச்சம் நேரா படாம நாலஞ்சு மாசம் தாங்கும். வேக்ஸ் ரெண்டு மாசம் தாங்கினாலே பெருசு.

இதுக்கு கோயில்லயே சொல் இருக்கு. சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு, தைலக்காப்பு. காப்புன்னா பாதுகாப்புன்னு மட்டும் நெனைக்கறோம், மேனி மேல சாத்தற பூச்சுக்கும் அதே பேருதான். ஸ்ரீரங்கத்துல மூலவர் சுதை (சுண்ணாம்புச் சாந்து), அதனால திருமஞ்சனம் கெடையாது, தைலக்காப்புதான். மேல பூசறது, அடியில இருக்கறத காக்கறது, பாக்கவும் மினுங்கறது, மூணும் ஒரே சொல்லுல வந்துடுது. அதனால சீலன்ட்டுக்கு பலபடிக்காப்பு (பலபடின்னா பாலிமர்), வாய்ப்பேச்சுல வெறும் காப்பு. இலங்கை நண்பர்கள் பாலிமர பல்பகுதியம்னு படிச்சிருப்பீங்க, உங்களுக்கு பலபடி ஒத்துவரலன்னா காப்புன்னு நிறுத்திக்கலாம், சண்டை வேண்டாம்.

வேக்ஸ் மெழுகுதான், அதுல பேச்சே இல்ல. அதுல கார்னௌபா வேக்ஸுக்கு மட்டும் தனிப்பேர் வெக்க ஒரு ஆசை. கார்னௌபாங்கறது பிரேசிலோட வடகிழக்குல வளர்ற ஒரு பன வகை, நம்ம பன மாதிரியே விசிறி ஓல, அந்த ஓலைய காய வெச்சு அடிச்சா உதிர்ற பொடிதான் மெழுகு. 80 டிகிரிக்கு மேல போனாத்தான் உருகும், தேன்மெழுகு 65க்குள்ளயே உருகிடும், வெயில்ல நிக்கற பானட்டுக்கு எது தாங்கும்னு நீங்களே பாத்துக்கங்க. அத ஓலைமெழுகுன்னு சொன்னா என்ன?

சொல்லு நிக்குதான்னு பாக்க ஒரு வாக்கியத்துல போட்டுப் பாத்தேன்: “வண்டிய கழுவி, மெருகு போட்டு, காப்பு பூசி, டப்பால சொன்ன நேரம் காயவிட்டு, மேல சன்னமா மெழுகு ஏத்து. நிரவி போட்டா எண்ணெய் நிக்கும், அதுமேல காப்பு சரியா புடிக்காது, நேரா மெழுகுக்கு போயிடு.” எங்க அப்பாவுக்கு படிச்சுக் காட்டினேன், புரியுதுன்னாரு. கூடவே, ஆயுத பூசைக்கு பானட்ல சந்தனத்த அப்பி காயவிடறீங்களே அதுக்கு என்ன காப்புன்னாரு.

---

> நிரவி, காப்பு, மெழுகு

வணக்கம் அண்ணா. மூணும் புடிச்சிருக்கு, ஆனா ஒரு சின்ன சிக்கல். நேத்து எங்க தெருமுனை டிங்கரிங் கடையில சும்மா கேட்டுப் பாத்தேன், “நிரவின்னா என்னன்னு தோணுது”ன்னு. யோசிக்கவே இல்ல, “பட்டி பாக்கறதா”ன்னு கேட்டாரு. நசுங்குன தகரத்துல பட்டி வெச்சு இழுத்து தேக்கறதும் நிரவறதுதான? அப்புறம் காப்புக்கு “யாரு கையில”ன்னாரு :)

---

தம்பி, நல்லா சோதிச்சிருக்க, இத வீட்ல ஒக்காந்து யோசிச்சா வந்திருக்காது. ஆனா பட்டின்னா பட்டிதான்னு பட்டறை முழுக்க ஊறிப்போச்சு, அதுக்கு புதுசா யாரும் பேர் வெக்கப் போறதில்ல, அதனால நிரவி காலியாத்தான் இருக்கு. பட்டி பெயின்ட்டுக்கு அடியில, நிரவி பெயின்ட்டுக்கு மேல. கொழப்பம் வர்ற எடத்துல கீறல்நிரவின்னு முழுசா எழுதிக்கலாம். காப்பையும் எழுத்துல பலபடிக்காப்புன்னே போட்டுடலாம், கை வெலங்கு ஞாபகம் வராது.

ஓலைமெழுகு பத்தி யாரும் வாயே தொறக்கலையே, அது புடிக்கலையா இல்ல படிக்கலையா? ஞாயித்துக்கெழம வரைக்கும் பாத்துட்டு மத்த மூணையும் நம்ம பட்டியல்ல ஏத்திடறேன்.